இடக்கை மடிப்பு

ஏணியில் ஏறியவளுக்குத் தலை சுற்றினாலும் கீழே நிற்பவரிடம் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். மருமகள் சொல்லவில்லை. மெல்லிய தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏணியின் உச்சிப் படியில் முழங்காலை முட்டுக்கொடுத்து நின்றாள். எதிரே வெள்ளைத்தூண். தலைமுதல் அடிவரை நரைத்த ரோமம் போர்த்தி, ரோமத்துக்குள் ஊசிமுள்ளை ஒளித்துவைத்திருக்கும் கள்ளி. முந்தின நாள் அந்தியில் விரிந்த பூக்கள் இன்னும் மூடவில்லை. வெயில் ஏறிவிட்டால் மூடிக்கொள்ளும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

“அஞ்சாவது தூண்ல எடுத்த மகரந்தம்தானே?” கீழே ஏணியைப் பிடித்தபடி மாமனார் கேட்டார்.

“அஞ்சாவதுதான் மாமா.”

“வாயில பிரஷ்ஷை வெச்சுக்கிட்டுப் பேசாதே. மகரந்தத்துல எச்சில் பட்டா செத்துப்போகும்.”

“நீங்க கேட்டீங்க, பதில் சொன்னேன்.”

“கேட்டா தலையை ஆட்டு.”

அவள் தலையை ஆட்டினாள். பூவின் நடுவே பிசுபிசுப்பாக நீட்டிக்கொண்டிருந்த சூல்முடியில் மஞ்சள் பொடியைத் தடவினாள். காம்பில் நூல் கட்டினாள். வேறு பூச்சி வந்து கெடுத்துவிடாதபடி வலைத்துணிப் பையைப் போட்டுச் சுருக்கை இறுக்கினாள். கீழே நின்றவரின் கண்ணுக்கு நூலின் நிறம் தெரிந்ததே தவிர, தூரிகையில் ஒட்டியிருந்த பொடி எந்தச் செடியுடையது என்று தெரியவில்லை. அது யார் கண்ணுக்கும் தெரியாது.

பெரியவருக்குத் தெருவில் ‘கம்பி’ என்று பெயர். கூன் விழும் வயதிலும் முதுகு வளையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் சாய மாட்டார். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க மாட்டார். யாரையாவது கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வார். வீட்டின் பின்புறம் பச்சை வலை போட்ட கொட்டகைகளில் கள்ளி வளர்த்து விற்பது குடும்பத் தொழில். உருண்டை, சப்பட்டை, கொடி என்று அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் வண்டி வண்டியாகப் போகும். அந்த வீட்டு விதைப் பொட்டலத்தை யாரும் பிரித்துச் சோதித்து வாங்குவதில்லை. இன்ன செடியின் விதை என்று பெரியவர் வாயால் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பேரைக் காப்பாற்ற அவர் ஆயுள் முழுவதும் செலவழித்திருந்தார். அதில் தவறென்ன? பேர் இல்லாத வீடு வெறும் செங்கல்தானே.

வெள்ளைத்தூண் மட்டும் விற்பனைக்கு இல்லை. பெரியவருடைய அப்பா எங்கிருந்தோ வாங்கிவந்த ஒற்றைக் காயிலிருந்து இரண்டே நாற்றுகள்தான் பிழைத்தன. ஒன்று திடமாக வளர்ந்தது. மற்றது சவலை. திடமானதை வெட்டி வெட்டி வேர்விட வைத்து ஆறு தூணாக்கி வரிசையாக நிறுத்தினார்கள். சவலையை, விளையாடட்டும் என்று, பெரியவர் தம் மகளிடம் ஒரு விரிசல்விட்ட கோப்பையில் வைத்துக் கொடுத்தார்.

ஆறு தூணும் ஆண்டுதோறும் பூத்தன. ஆண்டுதோறும் பூக்கள் வாடி, காம்போடு கழன்று தரையில் விழுந்தன. ஒரு காய் நின்றதில்லை.

“நிக்காது கம்பி,” என்று தொட்டி விற்க வருகிறவர் ஒருநாள் சொன்னார். பெரியவரைப் பேர் சொல்லிக் கிண்டல் செய்யும் தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது, சிறுவயதுப் பழக்கம். “ஆறும் ஒரே செடி. தன் கையைத் தானே குலுக்கிக்கிட்டா கல்யாணம் ஆயிடுமா?”

“வேர் தனி, தொட்டி தனி. எப்படிடா ஒன்னாகும்?”

“உன்னை ஆறா வெட்டி ஆறு நாற்காலியில உட்கார வெச்சா ஆறு கம்பியா? ஒரே கம்பிதான்யா. அந்தச் சவலை இருந்துச்சே, அது வேற ஆளு. அதோட பொடியைக் கொண்டாந்து தடவிப் பாரு, காய் கொத்தாத் தொங்கும்.”

அந்த வருஷம் முழுக்கப் பெரியவர் அவரிடம் தொட்டி வாங்கவில்லை.

சவலை இருந்த இடம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் கூடாது. மகள் அந்தக் கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுப் போனாள், மணல் லாரி ஓட்டுகிறவனோடு. கேட்டுக்கு வெளியே லாரி நின்றபோது பெரியவர் முற்றத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “இந்த வீட்டுல அவ பேரை எடுக்கிற வாய் அதுக்கப்புறம் இந்த வீட்டுல சாப்பிடாது,” என்றார். அன்று முதல் யாரும் எடுக்கவில்லை. மணலைக்கூட வேறு ஆளிடம் வாங்கினார்கள்.

இந்த வருஷம் மருமகள் நூல் கட்டிய பூக்கள் விழவில்லை. வாடிய இதழ்கள் காம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அடிப்பகுதி மெல்ல உப்பியது. பெரியவர் காலையும் மாலையும் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். மகன் சாதுவான ஆள். அப்பா சிரித்தால் சிரிப்பான். தொட்டிக்காரரை ஆள் விட்டு வரவழைத்தார்.

“என்னடா, கை குலுக்கினதுல காய் பிடிச்சிருக்கே?”

தொட்டிக்காரர் ஒரு காயை உற்றுப் பார்த்தார். ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளையும் பார்த்தார். “பிடிச்சிருக்குதான். நான் ஒத்துக்கறேன்பா,” என்றார். பிறகு மெதுவாக, “கைராசிதான். யார் கைனு நான் கேக்கலை,” என்றார்.

“என் கைடா!”

“சரி, உன் கை.”

காய் பழுத்து வெடித்ததும் உள்ளிருந்த வழவழப்பைத் தண்ணீரில் அலசி, மிளகைவிடச் சின்னதான கறுப்பு விதைகளை வடிதாளில் உலர்த்தினார்கள். சலித்த மணலும் செங்கல்தூளும் கலந்து, வெந்நீர் ஊற்றிப் புழு பூச்சியைக் கொன்று, ஆறவிட்டு, அகலத் தட்டுகளில் நிரப்பி விதையைத் தூவினார்கள். மேலே கண்ணாடி மூடி. உள்ளே ஈரம் முத்து முத்தாகக் கட்டியது. சில நாளில் பச்சைப் பாசிமணிகளைக் கொட்டிவைத்ததுபோல நாற்றுகள் கிளம்பின. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு குட்டிக் கொம்பு. மாதங்கள் போனபின் கொம்புக்கு நடுவே முதல் வெள்ளை முடி தெரிந்தது. அன்று பெரியவர் கண்ணாடிக்கு மேல் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். முதுகை வளைக்காமல், தட்டை உயரமான மேசையில் ஏற்றச் சொல்லித்தான் பார்த்தார்.

இந்த வயசுக் கள்ளி நாற்றுக்கு நேர் வெயில் ஆகாது. மூடியின் ஈரத்திலும் வலையின் நிழலிலும் வளர்ந்த உடம்பு அது. மூடியைத் திறந்து வெயிலில் வைத்தால் முதலில் சிவக்கும். பிறகு கண்ணாடிபோல உள்ளே தெரியும். பிறகு தண்ணீராகிவிடும். அந்த வீட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்கே இது தெரியும்.

நகரத்துத் தாவரத் தோட்டத்துக்குப் பெரியவரே சொல்லி அனுப்பினார். அங்கே ஒரு கண்ணாடி மாளிகை. அதன் நடுமேடையில் வெள்ளைத்தூண் நாற்றுகளை வைத்து, வளர்த்த குடும்பத்தின் பேரைப் பலகையில் பொறிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் ஆட்கள் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. பெரியவர் சட்டைகளைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்தார்.

வருகிறவர்களுக்குக் காட்ட, மிச்ச மகரந்தத்தை எடுத்துவைக்கலாம் என்று அவரே குளிர்பெட்டியைத் திறந்தார். மருமகள் துணி உலர்த்தப் போயிருந்தாள். மேல்தட்டில் வீட்டுப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. வெண்ணெய் வைக்கும் சின்ன அறையில், தனியாக ஒன்று.

பசை தொடாமல் பொட்டலம் மடிப்பது அந்த வீட்டுக் கைவேலை. காகிதத்தைக் கோணலாக மடித்து, இரண்டு மூலைகளை உள்ளே செருகி, மூன்றாவதை வலப்பக்கமாகப் பூட்ட வேண்டும். பெரியவர்தான் தம் பிள்ளைகள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். மகனுக்கு ஒரே நாளில் வந்தது. மகளுக்கு இடக்கைப் பழக்கம். பூட்டு எப்போதும் இடப்பக்கமாகவே விழும். இடக்கையை நீட்டும் போதெல்லாம் அவர் ஒரு முள்ளை எடுத்து அவள் விரல்நுனியில் வைத்து அழுத்துவார். அழ மாட்டாள். சோறு, எழுத்து, கத்தரிக்கோல் எல்லாம் வலக்கைக்கு மாறின. மடிப்பு மட்டும் மாறவில்லை.

அவர் கையில் இருந்த பொட்டலம் இடப்பக்கம் பூட்டியிருந்தது.

அதை மூடிய கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். மருமகள் ஈரத்துணியோடு திரும்பினாள். அவர் கையை விரித்துக் காட்டினார். அவள் பார்த்தாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“எத்தனை நாளா நடக்குது?”

“இந்த ஒரு தடவைதான் மாமா.”

“நீ போனியா, அவ வந்தாளா?”

“சந்தைக்குப் போற வழியில நான்தான் போய்ப் பார்த்தேன். நீங்க வருஷா வருஷம் விழுந்த பூவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பார்க்கச் சகிக்கலை.”

“என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டியாக்கும்.”

“ஐயோ, இல்ல மாமா—”

“ஏணியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே நின்னேன். அஞ்சாவது தூணான்னு கேட்டேன். அஞ்சாவதுதான்னு சொன்னே, தலையையும் ஆட்டினே.”

மருமகள் தலைகுனிந்தாள். பிறகு, இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோலச் சொல்லிவிட்டாள். “அவங்க செடி இப்போ இல்ல மாமா. மழைத்தண்ணி நின்னு அடி அழுகிருச்சு. மொட்டை எல்லாம் வெட்டி, விரிஞ்சதும் பொடியை எடுத்து எனக்குக் குடுத்துட்டு, செடியைக் குப்பையில போட்டாங்க. இனி அதோட மிச்சம்னா இந்தப் பொடியும் நாத்தும்தான். ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. பலகையில பேர் வேண்டாமாம். நாத்து வளர்ந்ததும் ஒரு தடவை உள்ள வந்து பார்க்கணுமாம். அவ்வளவுதான்.”

“எப்ப வரச் சொல்லியிருக்கே?”

“நாளைக்கு. பலகை விஷயம் பேச நீங்க நாளைக்கு நகரத்துத் தோட்டத்துக்குக் கிளம்பிப் போறதா இருந்துச்சு.”

“நான் போகலை,” என்றார் பெரியவர். “வரட்டும். சோறு ஆக்கி வை.”

மருமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பயந்திருப்பாள். கோபம் இல்லாததைக் கண்டு அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதுதான் பாவம். பொட்டலத்தை அவர் அடுப்பில் போட்டதை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பெரியவர் முதலில் தோட்டத்துக்குத் தொலைபேசியில் பேசினார். “வரவேண்டாம்மா. பூஞ்சை விழுந்திருச்சு. ஒன்னும் மிஞ்சலை,” என்றார். வாழ்நாளில் செடியைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய். பக்கத்து மேசையில் நாற்றுகள் கண்ணாடிக்கு அடியில் பச்சைப் பசேலென்று இருந்தன. மகன் காதில் விழுந்தது. அவன் செருப்பை மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டான்.

“எல்லாத் தட்டையும் முற்றத்துக்கு எடு,” என்றார்.

“அப்பா, வெயிலு—”

“மூடியைக் கழட்டி எடு.”

“இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததுப்பா.”

“யார் கஷ்டப்பட்டு?”

மாட்டேன் என்று மகன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. மூடிகளைக் கழற்றி, தட்டுகளைத் தூக்கி, கொட்டகை நிழல் முடியும் இடத்துக்கு வெளியே கல்தரையில் நெருக்கமாக அடுக்கினான். வெயில் அப்போது சாய்வாகத்தான் இருந்தது. ஆனால் கடுமையான மாதம். கல்லில் கால் வைக்க முடியவில்லை.

மகள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றபோது தாழ்ப்பாளைத் திறந்தது பெரியவரே. அவள் இளைத்திருந்தாள். கையில் ஒரு பை, பழம் ஏதோ. அப்பாவைக் கண்டதும் பையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள்.

“வா,” என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவள் கண் கலங்கியது. உள்ளே வந்தாள். நாலு அடி நடந்ததும் தட்டுகளைப் பார்த்தாள். நின்றாள். அடுத்த நொடி பை கீழே விழ, தட்டுகளை நோக்கி ஓட்டமாக நடந்தாள்.

“தொடாதே.”

“அப்பா, மூடி எங்க? வேகுதுப்பா!”

“பார்க்கணும்னு கேட்டியாமே. பாரு. பார்க்கிறதுக்கு நான் தடை சொல்லலை. தொட்டா, உங்க அண்ணி உன்கூடவே இந்தக் கேட்டைத் தாண்டிப் போவா. பிள்ளைங்க இங்கதான் இருக்கும். உங்க அண்ணன் என்ன சொல்றான்னு வேணும்னா கேட்டுக்கோ.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தூணைப் பார்த்தான். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற மருமகள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கொடியில் அவர்களுடைய சின்னச் சட்டைகள் காய்ந்தன.

“அண்ணி மேல தப்பு இல்லப்பா. நான்தான் தூண்டினேன்.”

“தப்பு யார் மேலன்னு நான் கேக்கலை. உக்காரு. விருந்தாளியைப் பட்டினி போட்டு அனுப்பின வீடில்ல இது.”

கொட்டகை நிழலில் அவளுக்கென்று நாற்காலி போட்டிருந்தது, தட்டுகளைப் பார்த்தபடி. எதிரே கொஞ்சம் தள்ளி, ஆழமான நிழலில், அவருடைய நாற்காலி. மகள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் போனாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி, தட்டுகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

“அங்க ஏன்?”

“நிழல் ஒத்துக்கலைப்பா. இங்க உக்காந்துக்கிறேன்.”

பழைய பிடிவாதம், என்று நினைத்தார் பெரியவர். வேகட்டும்.

மருமகள் சோற்றையும் பருப்பையும் முட்டையையும் தட்டில் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தாள்.

“அழாத அண்ணி. சோத்துல விழுது,” என்றாள் மகள்.

“எனக்குத் தெரியாதுடி… சத்தியமா எனக்கு—”

“தெரியும். உப்பு கொஞ்சம் குடு.”

அவள் சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டாள். கல்தரையிலிருந்து சூடு எழும்பிக் கண்ணெதிரே காற்று நெளிந்தது. முதலில் ஓரத் தட்டில் பச்சை மங்கியது. பிறகு செங்கல் நிறம் ஏறியது. பெரியவர் நாற்றுகளைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்தார். வியர்வை அவள் கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. எழுந்து ஓடிவிடுவாள், இதோ ஓடிவிடுவாள் என்று காத்திருந்தார்.

“லாரிக்காரன் எப்படி இருக்கான்?”

“நல்லாருக்கார்.”

“சோறு போடுறானா?”

“போடுறார். சில நாள் நான் போடுறேன்.”

“எங்கப்பன் வெச்ச செடியை அழுக விட்டியே.”

“விட்டேன்ப்பா. சவலைன்னு நீங்க தூக்கிப் போட்டது. இத்தனை காலம் இருந்ததே பெரிசு.” நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். “அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு.”

இரண்டாம் முறை போட்டதும் தீர்ந்தது. மூன்றாம் முறையும் கேட்டாள். தொண்டையில் இறங்காமல் தண்ணீர் குடித்து இறக்கினாள். நடுவில் இன்னொரு முறை நாற்காலியை நகர்த்தினாள். வெயில் உச்சிக்கு ஏற ஏற அவள் முதுகு வளைந்தது. தட்டின் மேல் கவிந்துகொண்டு, தலை ஏறக்குறைய முழங்காலைத் தொட, அப்படியே குனிந்தபடி பிசைந்துகொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துப் பெரியவருக்கு நெஞ்சில் ஏதோ இளகியதுபோல இருந்தது. லாரியில் ஏறிய அன்றுகூடக் குனியாத கழுத்து. இன்றைக்குக் குனிந்துவிட்டது, தம் முற்றத்தில், தம் சோற்றின் முன்னால். இதற்காகத்தானே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தார்.

“போதும், எந்திரி,” என்றார். குரலில் தயவுகூட இருந்தது. “எல்லாம் முடிஞ்சுபோச்சு. கிளம்பு.”

மகள் உடனே எழவில்லை. தட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் தேடித் தின்றாள். அதன்பின் எழுந்தாள். நிற்க முடியாமல் தள்ளாடினாள். மருமகள் ஓடிவந்து பிடித்தாள். ஈரத்துணி உலர்ந்துபோயிருந்த கொடியை மகள் பார்த்து, “துணியை எடுத்து மடி அண்ணி, வெளுத்துடும்,” என்றாள். பழப்பையைத் தரையிலிருந்து எடுத்துத் தூணடியில் வைத்தாள். இடக்கையால்தான் வைத்தாள். கேட்டைத் தானே சாத்திக்கொண்டு போனாள்.

மகன் வீட்டுக்குள் போய்விட்டான். பெரியவர் எழுந்து தட்டுகளின் அருகே வந்தார்.

கறுத்துச் சுருங்கிக் கண்ணாடியாகி, சில தண்ணீராகிக் கல்தூளோடு ஒட்டிக் கிடந்தன. தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசித் தட்டில், மகளின் நாற்காலியை ஒட்டியிருந்த மூலையில், ஒரு கைப்பிடி நாற்றுகள் பச்சையாக இருந்தன. பச்சைக்கும் கருகலுக்கும் இடையே கோடு கிழித்ததுபோல ஒரு விளிம்பு. தோள் ஒன்றின் நிழல் விழுந்த வளைவு அது.

நாற்காலி நகர்ந்தது நினைவுக்கு வந்தது. மூன்றாம் முறை கேட்ட சோறு நினைவுக்கு வந்தது. வெயில் ஏற ஏற அவள் ஏன் குனிந்தாள் என்பதும் புரிந்தது.

பெரியவர் நிமிர்ந்து சுற்றும் பார்த்தார். சமையலறைச் சன்னலில் மருமகள் நின்றிருந்தாள். அவளுக்கும் அந்த மூலை தெரிந்தது. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு கைகளையும் கூப்புவதுபோல மார்பில் வைத்திருந்தாள்.

அவர் குனிந்தார். யாரையும் கூப்பிடவில்லை. எலும்பு நெட்டி முறிய, ஒரு கையால் தரையை ஊன்றிக் குனிந்தார். மருமகளின் முகம் மலரத் தொடங்கியது. அவர் காலி நாற்காலியை அப்பால் தள்ளிவிட்டு, தட்டைப் பிடித்து, அரைவட்டம் திருப்பினார். பச்சை மூலை நல்ல வெயிலுக்கு வந்தது. தட்டின் விளிம்பு கல்லில் ஆடாதபடி கையால் அழுத்திச் சரிசெய்தார்.

பிறகு நிழலில் தம் நாற்காலிக்கு வந்து, சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா,” என்று கூப்பிட்டார். “ஒரு டம்ளர் தண்ணி கொண்டா.”

அவள் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கி, மூலையையே பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.